மணி அடிக்காவிட்டால் சரி

ஆலம்புதூர்
18-1-1984

செல்லிக்கு,

பொங்கலுக்கு வந்துவிட்டுத் திரும்பினவன், அறைக்குக்கூடப் போகாமல் நேரே டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்குத்தான் போனேன். எங்கள் என்ஜினீயர், அதுதான் ஜே.ஈ., வாயெல்லாம் பல்லாக நின்றார். "இன்னா சிங்காரம், உன் மலைக்கு போன் சாங்ஷன் ஆயிடுச்சு போ" என்றார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எட்டு வருஷமாக இந்த இலாகாவில் தினக்கூலி மஸ்தூராகக் கம்பம் ஏறுகிறேன். ஊர் ஊராகக் கம்பி இழுக்கிறவன் நம்ம புங்கம்பட்டுக்கு ஒரு கம்பி இழுக்க முடியவில்லையே என்று உன்னிடம் எத்தனை தரம் புலம்பியிருப்பேன்!

ரங்கன் வீட்டுத் தபாலாபீசில்தான் போனை வைக்கப் போகிறார்கள். கைப்பிடியைச் சுற்றினால் இங்கே எங்கள் எக்ஸ்சேஞ்சில் மணி அடிக்கும். அந்தப் பஞ்சாட்சரம் வருஷா வருஷம் மலையேறி வந்து, "போளூர்ல விலை படுத்துடுச்சுப்பா" என்று ஒரே பாட்டைப் பாடி நம்ம புளியைப் பாதி விலைக்கு அள்ளிக்கொண்டு போகிறானே, இனி அவன் பாட்டு செல்லாது. மண்டி விலையை நான் காலையிலேயே கேட்டு உங்களுக்குச் சொல்லிவிடுவேன்.

ஒரு சிக்கல் இருக்கிறது. கம்பங்கள் லாரியில் மலைரோட்டு வளைவு வரைக்கும்தான் வரும். அங்கிருந்து ஊருக்குத் தூக்க ஆள் தரமாட்டேன் என்று காண்ட்ராக்டர் கையை விரித்துவிட்டான். ஆள் இல்லையென்றால் கம்பங்கள் வேறு ஊருக்குப் போய்விடும். நான் முன்பின் யோசிக்காமல் "எங்க ஊர் ஜனங்க தூக்கிடும் சார்" என்று சொல்லிவிட்டேன். ஊர்க்கவுண்டரிடம் நீதான் பேச வேண்டும். நான் சொன்னால் சம்பளக்காரன் பேச்சு என்பார். நீ சொன்னால் கேட்பார்.

இன்னொன்று. போனில் என்னைக் கூப்பிட வேண்டுமானால் பேர் சொல்லிக் கேட்க வேண்டும். "எங்கூட்டுக்காரரு" என்றால் இங்கே ஆபரேட்டர் சாந்தம்மாள் சிரிப்பாள். இங்கே இருக்கிற எல்லா ஆம்பிளையும் எவளோ ஒருத்தியின் வூட்டுக்காரன்தான். இப்போதிருந்தே சொல்லிப் பழகு.

சிங்காரம்


புங்கம்பட்டு
20-2-1984

அவங்களுக்கு,

செல்லி எழுதுவது. உள்ளே பேர் இல்லையே என்று முறைக்க வேண்டாம். கவர் மேல் ரங்கண்ணன் எழுதித் தருகிறார், அது போதும். புருஷன் பேரைப் பெண்டாட்டி வாயால் சொன்னால் அவர் ஆயுசு குறையும். உங்கள் இலாகா ஒரு மிஷின் வைக்கப்போவதற்காக என் தாலியைப் பணயம் வைக்கச் சொல்கிறீர்களா? நல்ல ஆளுதான் போங்கள்.

கம்பமெல்லாம் ஊர் வந்து சேர்ந்துவிட்டது, நீங்களே பார்த்தீர்கள். அதற்கு முன்னால் நடந்ததைத்தான் நீங்கள் பார்க்கவில்லை. ஊர்க்கவுண்டர் லேசில் மசியவில்லை. "ஓட்டுக் கேக்க வந்தவன்கூட ரோடு போட்டுத் தர்றேன்னான். போட்டானா? கம்பத்தைத் தூக்கச் சொல்லிட்டு கம்பியை எவனுக்காவது குடுத்துடுவானுங்க" என்றார். நான்தான், "அவனுங்க வெளியாளுங்க மாமா. இவரு நம்ம ஆளு" என்றேன். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் ஊரே சாமைக் களத்தை அப்படியே போட்டுவிட்டு வந்தது.

தூக்கினவர்கள் தோளெல்லாம் தோல் உரிந்து கிடக்கிறது. கரடிப்பாறை ஏற்றத்தில் கம்பம் நழுவி குப்பன் கால் மேல் விழுந்து, கட்டைவிரல் கூழாகிவிட்டது. பச்சிலை வைத்துக் கட்டிக்கொண்டு, "போன் வந்தா மொதப் பேச்சு என்னுதுதான், யாரும் குறுக்க வரக்கூடாது" என்று அவன் சிரிக்கிறான். அவன் பெண்டாட்டி மங்கம்மாள் அவனைத் திட்டித் தீர்க்கிறாள். திட்டு எனக்கும் சேர்த்துத்தான்.

உங்களிடம் எனக்கு ஒரு ஆற்றாமை. சொல்லாமல் இருந்தால் தூக்கம் வராது. நீங்கள் ஜே.ஈ. பக்கத்தில் நின்றுகொண்டு "தூக்கு, தூக்கு" என்று கத்தினீர்கள். ஒரே ஒரு கம்பத்துக்காவது தோள் கொடுத்திருக்கலாம். ஊர் பார்த்தது. வந்த அன்றே ஜீப்பில் திரும்பியும் போய்விட்டீர்கள். களி கிண்டி வைத்திருந்தேன்.

செல்லி


ஆலம்புதூர்
1-3-1984

செல்லிக்கு,

தோள் கொடுக்கவில்லை என்று எழுதியிருந்தாய். படித்ததும் கோபம்தான் வந்தது. அப்புறம் யோசித்தேன். நானும் தூக்கினால் ஜே.ஈ. கண்ணுக்கு நான் என்றைக்கும் தூக்குகிறவன்தான். நிரந்தரம் செய்கிற லிஸ்ட் இந்த வருஷம் போகிறது. எனக்குப் பின்னால் வேலைக்கு வந்தவனெல்லாம் லைன்மேன் ஆகி, காக்கிச் சட்டையும் சைக்கிள் அலவன்சுமாகத் திரிகிறான். நான் மட்டும் இன்றைக்கு வேலை உண்டா இல்லையா என்று தினம் காலையில் வாசலில் போய் நிற்கிறேன். அது உனக்குத் தெரியாது, அங்கே யாருக்கும் தெரியாது. ஊரில் என்னைப் பெரிய ஆபீசர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

குப்பனுக்குக் காலில் போட மருந்து வாங்கி பஸ்காரரிடம் கொடுத்திருக்கிறேன். கம்பி அடுத்த வாரம் இழுக்கிறோம். நான்தான் இழுப்பேன், வேறு ஒருத்தனைத் தொட விடமாட்டேன்.

சிங்காரம்


புங்கம்பட்டு
30-3-1984

அவங்களுக்கு,

போன் திறந்த அன்று நீங்கள் கீழே எக்ஸ்சேஞ்சில் நின்றீர்கள், நான் மேலே நின்றேன். அதனால் இங்கே நடந்த கூத்து உங்களுக்குத் தெரியாது. ரங்கண்ணன் வீட்டில் போனுக்குச் சாமந்தி மாலை போட்டு, மஞ்சள் குங்குமம் வைத்து ஜோடித்திருந்தார்கள். அதற்கு இன்னொரு வார்த்தை இருக்கிறது. அது உங்கள் பேர் மாதிரியே வருவதால் நான் எழுத முடியாது. நீங்களே சிரித்துக்கொள்ளுங்கள்.

முதல் பேச்சு குப்பனுக்குத்தான் என்று ஊரே விட்டுக்கொடுத்தது. அவன் குழாயைக் கையில் வாங்கியதும் நாக்கு ஒட்டிக்கொண்டது. "அலோ" என்று ஒரு தரம் சொல்லிவிட்டு, வியர்த்துப்போய் என் கையில் திணித்துவிட்டான். அந்தப் பக்கம் சாந்தம்மாள், "யாரும்மா வேணும்?" என்றாள். "எங்கூட்டுக்காரருங்க." "பேர் சொல்லும்மா." "அவருதாங்க, கம்பி இழுக்கிறவரு." "அவருக்குப் பேரு இல்லையா?" "இருக்குதுங்க. நல்ல பேருங்க." ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. ரங்கண்ணன் குழாயைப் பிடுங்கி உங்கள் பேரைக் கத்தினார். அப்புறம்தான் உங்கள் குரல் வந்தது. கிணற்றுக்குள் இருந்து பேசுகிற மாதிரி இருந்தாலும் உங்கள் குரல்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

நேற்று பஞ்சாட்சரம் வந்தான். வழக்கமான பாட்டுதான். "போளூர்ல விலை படுத்துடுச்சும்மா." நான் சொன்னேன்: "படுத்த விலை காலைலயே எழுந்துடுச்சுங்களே. போன்ல கேட்டோம்." அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! சுற்றிச் சுற்றிப் பேசிப் பார்த்தான். ஊர்க்கவுண்டர், "மண்டி விலையைக் குடு, புளியை எடு" என்று முடித்துவிட்டார். அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அப்ப உங்க புளியை அந்தக் கம்பி வழியாவே அனுப்பிக்குங்க. நான் இனிமே மலையேற மாட்டேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினான். எங்களுக்கு அதுவும் சிரிப்பாகத்தான் இருந்தது.

புளி முழுக்க ஓடு தட்டி, கொட்டை எடுத்து, வீட்டுக்கு வீடு மூட்டையாக நிற்கிறது. இந்த வருஷம் யாரும் கீழ்நாட்டானுக்குக் கொடுக்கவில்லை. எல்லாம் உங்கள் வாயைப் பார்த்துக்கொண்டு இருக்கிறது. ஊரில் எனக்கு இப்போது போன்காரம்மா என்று பேர்.

செல்லி


ஆலம்புதூர்
14-4-1984

செல்லிக்கு,

போளூர் மண்டிக்காரர் கோபால்சாமி நல்ல விலைக்கு ஒப்புக்கொண்டார். லாரியும் அவரே அனுப்புகிறார். 26-ம் தேதி வியாழக்கிழமை மத்தியானத்துக்குள் எல்லா மூட்டையும் மலைரோட்டு வளைவுக்கு வந்துவிட வேண்டும். லாரி காத்து நிற்காது.

தினம் தினம் போனில் பேசினால் ஜே.ஈ. முறைக்கிறார். இது விளையாட்டுச் சாமானா என்கிறார். அதனால் ஒரு ஏற்பாடு. நாளில் ஏதாவது மாற்றம் இருந்தால் மட்டும் நான் கூப்பிடுவேன். மணி அடிக்காவிட்டால் சரி என்று அர்த்தம். மணி அடிக்கவில்லையே என்று பயந்துகொண்டு நீங்கள் யாரும் கூப்பிட வேண்டாம். ஊரில் எல்லோருக்கும் இதைச் சொல்லிவிடு.

இங்கே தலைக்கு மேல் வேலை. 27-ம் தேதி மந்திரி வந்து புது எக்ஸ்சேஞ்ச் கட்டடத்தைத் திறக்கிறார். கடைத்தெரு முழுக்கப் புதுக் கனெக்ஷன் கொடுத்தாக வேண்டும். மெட்ராசிலிருந்து வர வேண்டிய கம்பி இன்னும் வந்து சேரவில்லை. ஜே.ஈ. தலையைப் பிய்த்துக்கொள்கிறார். "எங்கிருந்தாவது கம்பி கொண்டா சிங்காரம், உன் நிரந்தரத்துக்கு நான் ஆச்சு" என்கிறார். நான் எங்கே போவேன்? என்னிடம் என்ன கம்பிக் காடா இருக்கிறது?

சிங்காரம்


புங்கம்பட்டு
22-4-1984

அவங்களுக்கு,

ஊர்க்கூட்டத்தில் உங்கள் ஏற்பாட்டைச் சொன்னேன். "மணி அடிக்காட்டி சரி" என்று சின்னப் பிள்ளைகள்கூடச் சொல்லிக்கொண்டு ஓடுகிறார்கள். புதன்கிழமை காலையிலிருந்து மூட்டை இறக்க ஆரம்பித்துவிடுவோம். ஊர்க்கவுண்டர் வீட்டு மூட்டைதான் முதலில் இறங்க வேண்டுமாம். கம்பத்தைத் தூக்கும்போது மட்டும் அவர் கடைசியில் வந்தார்.

பச்சையம்மா ஒரு கதை சொன்னாள். வெள்ளிக்கிழமை கரடிப்பாறைப் பக்கம் ஆடு மேய்க்கப் போனாளாம். "உன் வூட்டுக்காரர் கம்பத்து மேல இருந்தாருடி. கூப்பிட்டேன், திரும்பல. சோறு துன்ன வூட்டுக்கு வந்தாரா?" என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. அவ்வளவு தூரம் வந்தவர் வீட்டை எட்டிப் பார்க்காமல் போவாரா? வேறு யாராவது இருக்கும். அவளுக்குக் கண் சரியில்லை.

அதே வெள்ளிக்கிழமை மத்தியானத்திலிருந்து போனில் 'கொர்' சத்தம் வரவில்லை என்று ரங்கண்ணன் சொல்கிறார். "கெட்டுப்போன போன் எப்படிம்மா அடிக்கும்?" என்று ஊர்க்கூட்டத்திலேயே கேட்டார். நான் விடவில்லை. "கம்பி இழுத்தவரே அவருதானேண்ணே. கெட்டுப்போனா மொதல்ல அவருக்குத்தானே தெரியும்? அவருக்குத் தெரிஞ்சா சும்மா இருப்பாரா?" என்றேன். எல்லோரும் அதுதானே என்றார்கள். ரங்கண்ணனும் ஒத்துக்கொண்டார்.

லாரியோடு நீங்களும் வருகிறீர்களா?

செல்லி


ஆலம்புதூர்
24-4-1984

(அஞ்சலட்டை)

செல்லி, அவசரம். வியாழன் லாரி வராது. மந்திரி விழாவுக்குப் பந்தல் சாமான் ஏற்ற அந்த லாரியையே பிடித்துக்கொண்டார்கள். மூட்டையை இறக்க வேண்டாம், வீட்டிலேயே இருக்கட்டும். போனில் சொல்லப் பார்த்தேன், லைன் கிடைக்கவில்லை. நேரில் வர ஜே.ஈ. விடவில்லை. இந்தக் கார்டு எப்படியும் நாளைக்குள் வந்துவிடும். சிங்காரம்.


ஆலம்புதூர்
12-5-1984

செல்லிக்கு,

அந்தக் கார்டுக்கு அப்புறம் இது மூன்றாவது கடிதம். முதல் இரண்டுக்கும் பதில் இல்லை. போளூர் சந்தையில் நம்ம ஊர் ஆள் ஒருத்தரைப் பார்த்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். அவர் கூடையில் புளி இல்லை.

மழை பெய்தது எனக்கும் தெரியும். இங்கேயும்தான் பெய்தது, மந்திரி பந்தலே நனைந்து தொங்கியது. கோடை மழையை யாரால் நிறுத்த முடியும் சொல்? கார்டு போட்டேன், நேரத்துக்கு வராததற்கு நான் என்ன செய்ய? கரடிப்பாறையில் மரம் விழுந்து கம்பி அறுந்துவிட்டது. ஸ்டோரில் கம்பி வந்ததும் நானே வந்து இழுத்துக் கட்டிவிடுவேன். எப்போது வரும் என்றுதான் சொல்ல முடியவில்லை. மலை ஊரில் மாசத்துக்கு நாலு பேர் பேசுகிறார்கள், அதே கம்பியைக் கடைத்தெருவில் இழுத்தால் ஒரு நாளைக்கு நாற்பது பேர் பேசுகிறார்கள் என்று ஜே.ஈ. சொல்கிறார். அவர் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

ஒரு நல்ல சேதி. நிரந்தரம் ஆகிவிட்டேன். லைன்மேன் ஆர்டர் கைக்கு வந்துவிட்டது. முதலில் உனக்குச் சொல்ல வேண்டும் என்று ஓடினேன். எங்கே ஓட? கடைசியில் டீக்கடையில் உட்கார்ந்து நானே நாலு தரம் படித்துக்கொண்டேன். குழாய்த் தண்ணீர் வருகிற வீடாக ஒன்று பார்த்திருக்கிறேன். கிளம்பி வந்துவிடு. ஊர் இரண்டு மாசம் பேசும், அப்புறம் மறந்துவிடும்.

திட்டுவதானால் எழுதித் திட்டு. இப்படிச் சும்மா இருக்காதே செல்லி, என்னால் தாங்க முடியவில்லை.

சிங்காரம்


புங்கம்பட்டு
20-5-1984

திரு. சிங்காரம், லைன்மேன் அவர்களுக்கு,

பேரை எழுதிவிட்டேன். கவர் மேலும் நானே எழுதினேன். ரங்கண்ணன் இப்போது என்னோடு பேசுவதில்லை. தபால்தலையைப் பலகை மேல் வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறார்.

வியாழக்கிழமை என்ன நடந்தது என்று நீங்கள் ஒரு கடிதத்திலும் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன். காலையிலேயே ஊரின் புளி மொத்தமும் ரோட்டு வளைவுக்கு வந்துவிட்டது. கைப்பிள்ளைக்காரி முதற்கொண்டு ஒருத்தர் மிச்சமில்லாமல் மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். மத்தியானம் போய்விட்டது. மேற்கே கறுத்தது. "திருப்பித் தூக்கிடலாமா?" என்று குப்பன் கேட்டான். ஊர்க்கவுண்டர், "மணி அடிக்கலியேடா, அப்ப வர்றான்னுதானே அர்த்தம்" என்றார். நான் சொல்லிக்கொடுத்த பாடம் அது. முதல் தூறல் விழுந்தபோதும் அவர் அதையேதான் சொன்னார்.

நான் மேட்டில் ஏறி ஊருக்கு ஓடினேன். பின்னால் பாதி ஊர் ஓடி வந்தது. போன் கைப்பிடியைச் சுற்றினேன். சத்தமே இல்லை. "ஏங்க" என்றேன். "அலோ" என்றேன். மங்கம்மாள், "பேரைச் சொல்லிக் கூப்பிடுடி, பேரைச் சொன்னாத்தானே அங்க கேக்கும்!" என்று என்னைப் பிடித்து உலுக்கினாள். சொல்லிவிட்டேன். சிங்காரம், சிங்காரம் என்று தொண்டை கிழியக் கத்தினேன். ஊரில் எந்தப் பொம்பளையும் செய்யாத காரியத்தை ஊரே பார்க்கச் செய்தேன். கல்யாணமாகி ஒரு தரமும் என் வாயில் வராத பேர், செத்த போனுக்குள் போய் விழுந்தது.

திரும்பி வந்து பார்த்தால், பொம்பளைகள் சேலையை அவிழ்த்து மூட்டை மேல் போட்டுவிட்டு உள்பாவாடையோடு நிற்கிறார்கள். மழை மூன்று நாள் விடவில்லை. புளி கறுத்துக் கூழாகி ரோட்டில் வழிந்தது. உங்கள் கார்டு திங்கட்கிழமை வந்தது. ரங்கண்ணன் அதை எல்லோருக்கும் கேட்கும்படி படித்தார். இரண்டு வாரம் கழித்து, மலையேற மாட்டேன் என்ற பஞ்சாட்சரம் ஏறி வந்தான். ஒரு மூட்டையில் கையை விட்டுப் பிசைந்து பார்த்தான். சாக்கிலேயே கையைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டான். எங்களைப் பார்த்து ஒரு வார்த்தை ஏசியிருந்தால்கூடத் தேவலை.

ஆம்பிளைகள் மைசூர்ப் பக்கம் காப்பித் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிறார்கள். குப்பன் நொண்டிக்கொண்டே போனான். போகும்போது என்னிடம், "அலோ" என்றான். சிரிக்கத்தான் பார்த்தான், முடியவில்லை.

கரடிப்பாறையில் மரம் விழுந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அது பாறை, சிங்காரம். அங்கே புல்கூட முளைக்காது. மரம் எது, பாறை எது என்று நீங்கள் பிறந்த ஊரில் உங்களுக்கு மறந்து போய்விட்டதா? நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அறுந்திருந்தால் கம்பி தொங்கும். அங்கே கம்பியே இல்லை. ஆறு கம்பம் மொட்டையாக நிற்கிறது, மேலே பீங்கான் குமிழ் மட்டும் இருக்கிறது. பச்சையம்மாவைக் கண் தெரியாதவள் என்று எழுதினேன் இல்லையா, அவள் வீட்டுக்குப் போய்க் காலைத் தொட்டேன். "கூப்பிட்டேன்டி, திரும்பலை" என்று மறுபடியும் சொன்னாள்.

என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வீட்டுக்கு வந்து, "செல்லி, கம்பியை எடுத்துட்டேன், என் வேலைக்கு வேற வழியில்ல" என்றிருந்தால் நான் அழுதிருப்பேன், திட்டியிருப்பேன். ஆனால் மூட்டையை இறக்க விட்டிருக்க மாட்டேன். "இவரு நம்ம ஆளு" என்று நான் சொன்ன வார்த்தையை வைத்துத்தான் ஊர் தோளைக் கொடுத்தது. இப்போது நான் தண்ணீருக்குப் போனால் கிணற்றடியில் பேச்சு நின்றுவிடுகிறது. அங்கே உங்கள் வீட்டில் குழாய்த் தண்ணீர் வரும் என்கிறீர்கள். எனக்கு வேண்டாம்.

புருஷன் பேரைச் சொன்னால் ஆயுசு குறையும் என்றார்கள். நான் ஊர் கேட்கக் கத்தினேன். உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, நிரந்தரம்தான் ஆகியிருக்கிறது. அந்தப் பேச்சும் பொய்.

இனிமேல் என்னிடமிருந்து கடிதம் வராது. அதற்குச் சரி என்று அர்த்தமில்லை.

செல்லி